இன்னொரு எக்ஸ்

பிரசவ வார்டின் கடைசிக் கதவு என்னுடையது.
பிறந்தவர்களை எழுத்தாக்கும் வேலை,
இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை.
வெளியே சர்க்கரை பீட்ரூட் லாரிகள்
ஐடஹோவின் மண்ணைச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு
ஆலைக்குப் போகின்றன.

இந்த வாரம் மட்டும்
ஒரு பிரெய்லன், ஒரு கைஸர், ஒரு டிராக்ஸ்டன்,
தொப்பிக் கம்பெனியின் பெயரில் ஒருவன்,
ரைக்கர் இரண்டு பேர்:
ஒருவனுக்கு ஐ, ஒருவனுக்கு ஒய்.
ஒவ்வொன்றையும் மூன்று முறை வாசித்த பிறகுதான்
விசையைத் தட்டுகிறேன்.
போன வருஷம் ஒரு ஹெச்சை விழுங்கிவிட்டேன்.
அதைத் திருப்பிக் கொடுக்க
நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு வந்தான் கோல்டன் விட்டேக்கர்.
இருபத்து மூன்று வயது, முழங்கால் வரை சேறு.
டயர் கடை ரசீதின் பின்பக்கம்
பெரிய பெரிய எழுத்தில்:
ஜே, ஏ, எக்ஸ், இன்னொரு எக்ஸ், டி, ஒய், என்.

வாயால் சொன்னால்?
ஜாக்ஸ்டன்.
இரண்டாவது எக்ஸ்?
"அது சத்தம் போடாது மேடம்.
சும்மா கூட நிற்கும்."

உயிரெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
குடக்கூலிக்கு வந்த ஒய்.
நான் சிரிக்கவில்லை.
என் பெயர் ஆன். கடைசியில் ஈ கிடையாது.
நாற்பத்தொன்பது வருஷமாக
'ஈ இல்லாமல்' என்பதே என் நடுப்பெயர்.

கேட்காமலே சொன்னான்:
"மூன்றாம் வகுப்பில் நாலு கோல்டன்.
நான் கோல்டன் டபிள்யூ.
கோட்டு மாட்டும் ஆணியில் டபிள்யூ,
சாப்பாட்டு டப்பாவில் டபிள்யூ.
கோல்டன் பி உடைத்த ஜன்னலுக்கு
எங்கப்பா என்னை அடித்தார்.
இவனுக்குப் பின்னால் ஓர் எழுத்து
வால் மாதிரி ஒட்டக் கூடாது.
அதனால்தான் எல்லாவற்றையும்
உள்ளேயே வைத்துவிட்டோம்."

பிறகு, குரலைத் தாழ்த்தி:
"வேறு யாராவது இருக்கிறார்களா, பார்க்க முடியுமா?"

விதிப்படி கூடாது.
பார்த்தேன்.
"ஒருத்தரும் இல்லை" என்றேன்.
தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.
தாழ்வாரத்தில் அவன் பூட்ஸ்
நடந்து, பிறகு ஓடியது.

ஆறு இருபதுக்கு
ஒன்பதாம் அறையிலிருந்து ஒரு படிவம்.
தாய்: பிரியெல் ஆஸ்லர்.
தகப்பன்: காலி இடம்.
பென்சிலால் எழுதி, அழித்து, எழுதி
அந்த ஒரு வரியில் மட்டும் தாள் மெலிந்திருந்தது.
ஜே. ஏ.
எக்ஸ்.

இன்னொரு எக்ஸ்.

எழுத்துகளைச் சரிபார்க்கும் சாக்கில் போனேன்.
இதை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன்.
"எங்கேயும் இல்லை. நானே உண்டாக்கினேன்.
என் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை,
அவள் திருடிவிடுவாள்."
அவள் கைக்குள் தூங்கினான்,
ஒரு காது இன்னும் மடிந்தபடி.

இரண்டு சுவர் தாண்டி மற்றவன்.
சொல்லக் கூடாது என்கிறது சட்டம்.
சட்டம் இல்லாவிட்டாலும்
அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்வது?
"நல்ல பெயர்" என்றேன்.
அந்த நேரத்துக்கு அது பொய்யாக இல்லை.

இந்த ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றே ஒன்று.
ஐந்து வருஷம் கழித்து ஒரு செப்டம்பரில்
யாரோ ஒரு டீச்சர்
கோட்டு ஆணிகளுக்கு மேல் காகிதம் ஒட்டுவாள்,
முதல் ஆணியில் எழுதிவிட்டு
இரண்டாவதில் பேனாவை நிறுத்துவாள்.
டபிள்யூ. ஓ.

அச்சுப்பொறி இரண்டையும் அடுத்தடுத்துத் தள்ளியது,
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் சூடு.
மை ஒன்றில் ஒன்று ஒட்டிவிடாதபடி
நடுவில் ஒரு வெற்றுத்தாளை வைத்தேன்.